பவளத்துக்குப் போதுமான வெளிச்சம்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விளக்கைத் தப்பாகத்தான் வாங்குகிறார்கள். தொட்டியை ஆற அமரப் பார்த்து எடுப்பார்கள், மீனைப் பேரம் பேசி வாங்குவார்கள், விளக்கு என்று வந்தால் மட்டும் கடைக்காரர் காட்டுகிற எதற்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாதாரணத் தொட்டிக்கு அது பரவாயில்லை. அங்கே வெளிச்சம் நாம் மீனைப் பார்ப்பதற்காகத்தான். பவளம் வளர்க்கிறவன் அப்படி இருக்க முடியாது. பவளத்துக்கு வெளிச்சம்தான் சாப்பாடு.

உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். ஆனால் இந்த மேசைமேல் நீங்கள் பையில் போட்டுக் கட்டி வைத்திருப்பது ஒரு விளக்கு. அதைப் பற்றிக் கேட்கத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் எழுதுகிற வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் நானே சொல்கிறேன், முழுவதையும் சொல்கிறேன். முடிந்ததும் ஒரே ஓர் உதவி கேட்பேன். இந்த விளக்கை நீங்கள் கழற்றிக்கொண்டு வந்ததிலிருந்து என் தொட்டி இருட்டில் கிடக்கிறது.

பவளம் கல் இல்லை. செடியும் இல்லை. அது ஒரு பிராணி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பாசி சமைத்துப் போடும், பவளம் உட்கார்ந்து சாப்பிடும். வெளிச்சம் குறைந்தால் பவளம் நிறம் செத்துப் பழுப்பாகிவிடும். கூடினால் பாசியை வெளியே துப்பிவிட்டு எலும்பாக வெளுத்து நிற்கும். மெத்தென்று ஆடுகிற ஜாதிக்குக் கொஞ்சம் போதும், தொட்டியின் அடியில் வைக்கலாம். கிளை விடுகிற ஜாதிக்கு நிறைய வேண்டும், அதை மேலே வைக்க வேண்டும். விளக்குப் பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது கணக்கே இல்லை. பவளம் இருக்கிற இடத்தில், தண்ணீருக்கு அடியில், எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு. அதை அளக்க ஒரு மானி இருக்கிறது. என் வீட்டில் எடுத்தீர்களே, ஒயரின் முனையில் வெள்ளைப் பொத்தான் வைத்தது, அதுதான். உங்கள் ஆள் அதைக் காது கேட்கும் கருவியா என்று கேட்டார்.

என் பிழைப்பும் வெளிச்சம்தான். கடைகளுக்கு விளக்கு அமைத்துக் கொடுக்கிறேன். மங்கிப்போன துணியை எந்த விளக்கின் கீழ் வைத்தால் புதுசாகத் தெரியும், நேற்றைய கறி எதன் கீழ் இன்றைய கறியாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இதற்காக என்னைத் தேடி வருகிற முதலாளிகள் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான் தெரியும். "பளிச்சுன்னு இருக்கணும் சார்." இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பளிச்சென்று இருப்பது வேறு, போதுமான அளவு இருப்பது வேறு என்பது அவர்கள் மண்டையில் ஏறாது. நானும் ஏற்றப் பார்ப்பதில்லை.

என் மனைவிக்கு வெயில் ஆகாது. பேச்சுக்குச் சொல்லவில்லை, அது நோய். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிற நோய். வெயில் பட்டால் அந்தச் சண்டை பெரிதாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் முகம் சிவக்கும், பிறகு மூட்டுகள் வீங்கும், கவனிக்காவிட்டால் சிறுநீரகத்துக்குப் போகும். கல்யாணமாகி நான்காவது வருடம் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பகலில் அவள் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. கூடத்து ஜன்னல்களுக்குக் கனத்த திரை தைத்துப் போட்டோம். அந்தக் கூடத்தில்தான் என் தொட்டி இருந்தது. ஆறடி நீளம்.

அவள் தொட்டிக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்து நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பாள் என்றால், மீனைப் பார்ப்பாள். பவளம் அவளுக்கு மீன் ஒளிந்துகொள்கிற புதர், அவ்வளவுதான். மீன்களுக்கு எங்கள் உறவுக்காரர்களின் முறைப்பெயர்களை வைத்திருந்தாள். நான் வேலையிலிருந்து வந்ததும், "இன்னைக்கு உங்க பெரியப்பா யாரையும் சாப்பிட விடலைங்க, எல்லாரையும் விரட்டிட்டே இருந்தாரு" என்று கதை சொல்வாள். அவள் சொன்ன பெரியப்பா ஒரு மஞ்சள் மீன். நான் கேட்டுக்கொள்வேன். ஒரு மனிதன் மூன்று வருடம் பாடுபட்டு ஒரு கிளைப் பவளத்தை ஊதா நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான், அவன் மனைவிக்கு அதில் தெரிந்தது அவனுடைய பெரியப்பா.

பிறகு என் பவளங்கள் பழுப்பேற ஆரம்பித்தன. ஊதா போயிற்று, பச்சை போயிற்று, எல்லாம் டீ வடிகட்டியில் மிஞ்சுகிற சக்கையின் நிறத்துக்கு வந்துவிட்டன. உப்பை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். பம்பைப் பிரித்துப் பூட்டினேன். விளக்கு அப்போது எல்.இ.டி., பக்கத்தில் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் மானியை வைத்துப் பார்ப்பேன், மாலையில் வந்தும் பார்ப்பேன். அளவு அச்சுப் பிசகாமல் இருக்கும். பவளம் மட்டும் பழுப்பேறிக்கொண்டே போகும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள், பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள், கடைக்காரர் ஒருவரின் கிடங்கில் கூடுவோம். அவரை எல்லோரும் சுறா என்போம். சுறாவைப் போல அவர் வாயும் மூடியதே இல்லை, வேறு ஒற்றுமை கிடையாது. அங்கே கூடுகிறவர்கள் பெரும்பாலும் அரைவேக்காடுகள். தொட்டியின் மேல் கண்ணாடித் தகடு போட்டு மூடுகிறவர்கள்கூட இருந்தார்கள். தண்ணீர் தெறித்துத் தகட்டில் உப்புப் படியும், படிந்த உப்பு பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும், நல்ல விளக்கை வாங்கி அதற்கு முக்காடு போடுகிற வேலை அது. மீன் குதிக்குமென்று பயமிருந்தால் வலை போட வேண்டும். "பவளத் தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடுறவன் கழுதை" என்று அங்கே நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நான் என் தொட்டியின் படத்தைக் காட்ட வேண்டிய முறை வந்தபோது, சுறா படத்தை வாங்கி எல்லோருக்கும் நீட்டி, "சார் இப்ப பவளத்தை விட்டுட்டு விறகு வளக்கிறாரு போல" என்றார். கிடங்கே சிரித்தது. கழுதைகளும் சிரித்தன.

அடுத்த வாரம் ஒரு வேலை சீக்கிரம் முடிந்து, மதியமே வீட்டுக்கு வந்தேன். கூடம் அரையிருட்டாக இருந்தது. தொட்டியின் வெளிச்சம் கால்வாசிகூட இல்லை. அவள் சோபாவைத் தொட்டிக்கு அருகில் இழுத்துப் போட்டு, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, அவசரமாகத் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். சரியாகத் திருப்பினாள். ஒரு கோடு பிசகவில்லை.

"கண்ணு கூசுதுங்க. கொஞ்ச நேரம்தான் குறைச்சு வெப்பேன். நீங்க வர்றதுக்குள்ள ஏத்திடுவேன்."

"எத்தனை நாளா?"

"மழைக்காலத்துல இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இங்க உக்காராதேன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். எனக்கு வேற எங்க போறது சொல்லுங்க."

நான் கோபப்படவில்லை. இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள், என் மச்சினன் வேறு மாதிரி சொல்லியிருப்பான். நான் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னேன். ஆனால் ஒன்றை நினைத்துப் பார்த்தேன். இந்தப் பெண்ணிடம் மானி இல்லை, ஒரு பவளத்தின் பெயர்கூடத் தெரியாது, எது அதிகம் எது குறைவு என்று ஒரு தடவை கேட்டதில்லை. தன் கண்ணுக்கு எது இதமோ அதுதான் தொட்டிக்கும் அளவு என்று தீர்மானித்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல், நான் ஊர் சிரிக்கிறபடி உப்பையும் பம்பையும் மாற்றிக்கொண்டிருந்ததை அதே சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருகு இருந்தால் யாராவது திருகத்தான் செய்வார்கள். ஆகவே திருகு இல்லாத விளக்கு வேண்டும். சுறாவின் பரணில் பழைய காலத்து விளக்கு ஒன்று கிடந்தது, அதுதான் இது. குமிழுக்குள் வாயு எரிகிற ஜாதி. இப்போது யாரும் வாங்குவதில்லை, சூடும் அதிகம். கூட்டவோ குறைக்கவோ முடியாது, எரியும் அல்லது அணையும். பவளத்துக்கு இதைப் போல உகந்த விளக்கு இன்னும் வரவில்லை. வெயிலுக்கு மிகப் பக்கத்தில் வருகிற வெளிச்சம் இது.

வெயில் என்று சொல்லும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத பகுதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோலைக் கருக்குகிற பகுதி. அதைத் தடுப்பதற்காக இந்த விளக்கின் வாயில் தடித்த கண்ணாடி ஒன்று பூட்டியிருப்பார்கள். நீங்கள் எடுத்து வந்த விளக்கில் அது இல்லை. கவனித்திருப்பீர்கள். கவனிக்கவில்லை என்றால் இப்போது கவனித்துக்கொள்ளுங்கள்.

விளக்கைத் தொட்டிக்கு மேலே மாட்டிய அன்று அவளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தேன். முகத்தில் பாதியை மறைக்கிற அகலம். "இனிமே கண்ணு கூசாது. நீ எவ்வளவு கிட்ட வேணும்னாலும் உக்காரலாம்" என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. திட்டுவேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். "எனக்காகவா வாங்குனீங்க?" என்று இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றேன்.

விளக்கின் வாய்க் கண்ணாடியை நான் கழற்றியது அதற்கு அடுத்த வாரம். துடைப்பதற்காகக் கழற்றினேன், திரும்ப மாட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே சொல்லலாம்தான். மேல்தட்டில் இருந்த பவளங்கள் இரண்டே நாளில் முனை வெளுக்க ஆரம்பித்தன. அந்த ஊதாக் கிளை அப்போதுதான் மறுபடி நிறம் பிடித்துக்கொண்டிருந்தது. உடனே கண்ணாடி அறுப்பவரிடம் போய், தொட்டியின் அளவுக்குத் தகடு அறுத்து வாங்கி வந்து மேலே மூடினேன். வெளுப்பு நின்றது. தினமும் காலையில் அந்தத் தகட்டில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். தண்ணீருக்கு அடியில் அளவு கச்சிதமாக இருந்தது.

தகட்டுக்கு வெளியே என்ன அளவு என்று நான் பார்க்கவில்லை. அந்த மானி தண்ணீருக்குள் வைப்பதற்கு.

விளக்கு ஏன் சோபா பக்கம் சாய்ந்திருந்தது என்று நேற்று கேட்டீர்கள். தொட்டியின் முன்பக்கத்துப் பவளங்களுக்கும் வெளிச்சம் வேண்டாமா என்றேன். அது பொய் இல்லை. முழுவதும் உண்மையும் இல்லை.

ஒரு நாள் அவள் அந்தத் தகட்டைப் பற்றிக் கேட்டாள். "இது முன்னால இல்லையேங்க, எதுக்கு?"

"வெளிச்சத்துல இருக்கிற சூடு பவளத்துக்கு ஆகல. அதைத் தடுக்கத்தான்."

"பாவம், அதுங்களும் என்னை மாதிரிதானா" என்றாள். "நல்ல வேளை, நீங்க கவனிச்சீங்க."

முகம் சிவந்தது. பிறகு கை. மூட்டுகள் வீங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் தூக்கினாள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், எல்லாத் தடவையும் நான்தான், மாலை இருட்டிய பிறகு, குடை பிடித்து. "வெயில்ல போறீங்களாம்மா?" என்று கேட்டார். "வாசப்படி தாண்டறதே இல்ல டாக்டர்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "ஜன்னல் திரையைக்கூட நான்தான் இழுத்து மூடிட்டுப் போறேன்" என்றேன். அத்தனையும் சத்தியம். அவர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் கூட்டினார். அவ்வளவு படித்த மனிதர், வீட்டுக்குள் என்ன விளக்கு எரிகிறது என்று ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

மச்சினன் இருக்கிறானே, அவளுடைய தம்பி, உங்களிடம் வந்து அழுதவன், அவன் செய்ததையும் கேளுங்கள். அக்கா உடம்பு மோசமாகிறது என்று ஓடி வந்தான். திரையின் இடுக்கில் வெயில் வருகிறது என்று கண்டுபிடித்தான். கறுப்புத் தாள் வாங்கி வந்து, நாற்காலிமேல் ஏறி நின்று, ஒரு ஜன்னல் விடாமல் ஒட்டினான். வியர்த்துக் கொட்டிற்று அவனுக்கு. விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். "இனிமே ஒரு பொட்டு வெயில் வராது மாமா" என்றான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவளால் உட்கார முடியாமல் போனபோது, உள்ளே அறையில் படுக்க வைக்கலாம் என்றுதான் நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். அவன்தான் கேட்கவில்லை. "இல்ல மாமா, அந்த மீனுங்களப் பாத்தாத்தான் அக்காவுக்கு மனசு ஆறுது" என்று சொல்லி, கட்டிலை அவனே தூக்கி வந்து தொட்டியை ஒட்டிப் போட்டான். அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கட்டிலைச் சரியாக எந்த இடத்தில் போடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்டிருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பேன். முட்டாள்களோடு வாழ்வதில் இந்த ஒரு வசதி உண்டு, பாதி வேலையை அவர்களே செய்துவிடுவார்கள்.

கடைசியில் சிறுநீரகம் நின்றது. ஆஸ்பத்திரியில்தான் போனாள். நினைவு இருந்தவரை அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அதற்கு அவசியமே இல்லை, வெறும் குழல் விளக்கு. இருந்தாலும் எடுத்துப் போய்க் கொடுத்தேன். "பெரியப்பாவுக்குத் தீனி போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேன் என்றேன்.

துக்கம் கேட்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அவள் படத்தின் முன்னால் கை கட்டி நின்றுவிட்டு, ஓரக்கண்ணால் தொட்டியைப் பார்த்தார்கள். அப்போது என் தொட்டி உச்சத்தில் இருந்தது. ஊதா அப்படி ஓர் ஊதா. விறகு என்று சிரித்தவர்கள்தான் அதிக நேரம் பார்த்தார்கள். அதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று நான் விரும்பினேன், அதனால் விளக்கை அணைக்கவில்லை. துக்க வீட்டில் அது தப்பாக இருக்கலாம்.

சுறா மட்டும் கிட்டே போனார். விரலால் தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

"சார், கண்ணாடி மூடி போட்டிருக்கீங்க?"

"மீன் குதிக்குது."

"அதுக்கு வலை போடணும்னு சொல்வீங்க. கண்ணாடி போடுறவன் கழுதைன்னு சொல்வீங்க."

நான் பதில் சொல்வதற்குள் அவர் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்துவிட்டார். பரணிலிருந்து தன் கையாலேயே எடுத்துக் கொடுத்த விளக்கு. வாயில் கண்ணாடியோடு கொடுத்த விளக்கு. அதைப் பார்த்தார், கீழே தகட்டைப் பார்த்தார், பிறகு திரும்பி, இன்னும் மடிக்காமல் கிடந்த கட்டிலைப் பார்த்தார். அவர் வாய் மூடியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். சாயங்காலம் மச்சினனிடம் சொன்னார், மச்சினன் உங்களிடம் வந்தான். அந்த மனிதருக்கு வெளிச்சத்தைப் பற்றி உருப்படியாக ஒன்றும் தெரியாது. நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் மண்டையில் தங்கியிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். விளக்கின் கண்ணாடியைக் கழற்றியது நான். அது இல்லாவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாய்த்து மாட்டினேன், தெரிந்துதான் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், தெரிந்துதான் பவளத்துக்கு மட்டும் மூடி போட்டேன். அவளைக் கொன்றது நான்தான். ஏன் என்று கேட்டால், அவள் அளவு தெரியாமல் வெளிச்சத்தில் கை வைத்தாள். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கொடுமைக்காரன் இல்லை. என் வீட்டில் இருக்கிற எந்த உயிரையும் பட்டினி போட்டதில்லை.

இப்போது நான் கேட்பதாகச் சொன்ன உதவி. இந்த விளக்கை நீங்கள் திருப்பித் தர மாட்டீர்கள், எனக்குத் தெரியும். பழைய எல்.இ.டி. விளக்கு படுக்கையறை அலமாரியின் மேல் இருக்கிறது. வீட்டுக்குக் காவலாக ஒருவரை நிறுத்தியிருக்கிறீர்களே, அவரிடம் சொல்லி அதை மாட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் திருகில் கோடுகள் இருக்கும். முதல் வாரம் கால்வாசிக்குமேல் போகக் கூடாது. பிறகு வாரத்துக்கு ஒரு கோடு, அதற்குமேல் வேண்டாம். பொறுமையாகச் செய்யச் சொல்லுங்கள், பளிச்சென்று இருக்கட்டுமே என்று எடுத்தவுடனே முழுசாக ஏற்றிவிடப் போகிறார். இத்தனை நாள் இருட்டில் கிடந்த உயிர் அது, தாங்காது.